பாடுவோர் பலர், பாவலர் யாவர்?

'நத்தார்' என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழ் வழக்கில் வேரூன்றியது போர்த்துக்கேயராலாகும். அவர்தம் மொழியிலுள்ள 'நத்தால்' என்பதன் திரிபே அது. பிறப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றே அதற்கு மூலம். அச்சொல்லைப் போலவே, அத் திருநாளிற் பாடப்பெறுங் கீதங்கள் பலவும் கடல் கடந்து வந்தவையே. மார்கழித் திங்கள் பிறந்ததும் நம் நகரங்களிலே தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் கடைத்தெருவிலும் அவை ஒலிக்கின்றன. கிறிஸ்தவர் மாத்திரமன்றிப் பிற சமயத்தாரும் அவற்றை விரும்பிக் கேட்கின்றனர். எனினும், இக் கீதத்தை யாத்தவர் யார், பண் அமைத்தவர் யார், எந் நிலையில் இது பிறந்தது என ஒருவர் வினாவினால், விடை கூறவல்லார் மிகச் சிலரே.

சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், அதன்கண் கூறத்தக்கவற்றுள் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தார். நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள் ஆகியவையெல்லாம் அதன் பின்னரே வரும். நூலுக்கு உரைத்த இம்முறை பாட்டுக்கும் பொருந்துவதே. ஆயினும் உலகிலே மிகப் பலராற் பாடப்படுங் கீதங்களுக்கு இம்முறை பெரும்பாலும் வாய்த்திலது. பாட்டு வாழ்ந்தது; பாவலன் பெயர் மறைந்தது. சில கீதங்களில் உரியவன் பெயர் மறைந்ததோடமையாது, உரிமையில்லாத பெரியார் ஒருவரின் பெயரும் அவ்விடத்தில் ஏறிவிட்டது. இவ்வாறு நேர்ந்தமை ஏன் என்பதையும், மெய்ம்மை பின்னர் வெளிப்பட்டவாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

விடியற்காலத்துப் பாட்டு

கிறிஸ்தவர்கள் பாடும் வழக்கம் அச் சமயத்தின் தொடக்கத்திலேயே காணப்படுவது. தாவீதின் பெயரால் வழங்கும் 150 சங்கீதங்கள் யூதரிடமிருந்து அவர்களுக்கு முதுசொமாகக் கிடைத்தன. இராப்போசனத்தின் பின் இயேசுநாதர் தம் சீடரோடு பாடிவிட்டே ஒலிவ மலைக்குச் சென்றார் என்று மத்தேயு, மாற்கு என்னும் சுவிசேஷகர் இருவரும் எழுதியுள்ளனர். உரோமப் பேரரசின் மாகாணமொன்றில் ஆளுநராயிருந்த பிளினி என்பவர், ஏறக்குறைய 112 ஆம் ஆண்டிலே பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடுகின்றனர் என்பது அக் கடிதத்துச் செய்தி. தண்டிக்க வந்த அதிகாரியே இதற்குச் சான்றாயினன் என்பது நோக்கத்தக்கது.

4 ஆம் நூற்றாண்டிலே சிரியா நாட்டுப் புலவர் எப்பிரேம் சமயப் பாடல்களைச் சிரிய மொழியிற் பாடினார். மாற்றுக் கொள்கையினரான பர்தைசான் வழியினர் இனிய இசைப்பாடல்களாற் பொதுமக்களைக் கவர்ந்திருந்தனர். எப்பிரேம் அவர்களுடைய இசையமைதியையே தாமும் மேற்கொண்டு புதுப்பொருளை அதில் வைத்துப் பாடினார் என்பர். அப் பாடல்களைப் பெண்கள் குழுவாகப் பாடும்படி அவர் பயிற்றினார் என்றுங் கூறுவர்.

மேற்றிசையில் இவ்வழக்கத்தை நிலைநாட்டியவர் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு. 386 ஆம் ஆண்டில், இளம் பேரரசனின் தாயாகிய யுஸ்தீனா அரசி, தான் சார்ந்த ஆரியக் கொள்கையினருக்குத் தேவாலயமொன்றை விட்டுக்கொடுக்குமாறு ஆணையிட்டாள். அம்புரோசு இணங்கவில்லை. மக்கள் தம் ஆயருடன் ஆலயத்துள்ளேயே தங்கியிருந்தனர். வெளியே போர்வீரர் நின்றனர். உள்ளிருந்தோர் துயரால் தளர்ந்துவிடாதிருக்கும்பொருட்டு, கீழ்த்திசை வழக்கப்படி அவர்கள் பாட்டும் சங்கீதமும் பாடப் பழக்கப்பட்டனர் என, அக்காலை மிலானில் வாழ்ந்த அகுஸ்தீன் தமது வாழ்க்கை நூலில் எழுதினார். அம்புரோசின் பாடல்கள் எளிய யாப்பின. நாலடிச் செய்யுள் எட்டுக் கொண்டது ஒரு பாட்டு. அடிக்கு எட்டு அசை. எழுத்தறியாதவனும் ஒருமுறை கேட்டு மறுமுறை பாடலாம். பொதுமக்கள் வாய்க்கு எளிதாக வருதலே கீதத்தின் உயிர்நிலை என்பது அன்றே தெளிவாயிற்று.

கரோலும் குரவையும்

'கரோல்' என்பது தொடக்கத்தில் தேவாலயத்துக்குரிய பாட்டன்று. பிரான்சு நாட்டிலே ஆடவரும் பெண்டிரும் கைகோத்து வட்டமாய் நின்று ஆடிய கூத்தின் பெயர் அது. தலைவன் ஒருவன் அடிகளைப் பாட, ஆடுவோர் பல்லவியைத் திருப்பிப் பாடுவர். சிலப்பதிகாரத்திலே ஆய்ச்சியர் ஆடிய குரவைக்கூத்தை அறிந்த நமக்கு இதனை உணர்தல் எளிது. இவ்வாடற்பாட்டின் வடிவம் காலப்போக்கிற் சமயப் பொருளைத் தாங்கலாயிற்று. 1223 ஆம் ஆண்டிலே அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் இத்தாலியின் கிரெச்சோ என்னும் ஊரில் வைக்கோல் பரப்பி, எருதும் கழுதையும் நிறுத்தி, பெத்தலகேம் கொட்டிலைக் கண்முன் காட்டினார். இலத்தீன் அறியாத குடியானவர்க்கு அது காட்சியாற் செய்த பிரசங்கம். அவர் வழிவந்த துறவிகள் ஊர்மொழிப் பாடல்களை எங்கும் பரப்பினர்.

இங்கிலாந்திலே, கண்பார்வை இழந்த குருவான ஜோன் ஓட்லி என்பவர் 1426 ஆம் ஆண்டளவில் கரோல்கள் 25 கொண்ட தொகுதியை விட்டுச்சென்றார். 1521 இல் விங்கின் டி வேர்ட் என்னும் அச்சகத்தார் நத்தார்க் கரோல்களை நூலாக அச்சிட்டார். ஆனால் 1647 இலோ, தூய்மைவாதிகளின் கை ஓங்கியிருந்த அந்நாட்டுப் பாராளுமன்றம் நத்தார்த் திருநாளையே ஒழித்துச் சட்டம் இயற்றியது. வேதத்தில் விதிக்கப்படாத திருநாள் அது என்பது அவர்கள் வாதம். 1660 இல் அரசன் மீண்டபின் திருநாளும் மீண்டது. கரோல்கள் மாத்திரம் ஆலயத்துள் உடனே இடம்பெறவில்லை. அவை ஒற்றைத் தாள்களில் அச்சாகித் தெருவில் விலைபோயின; நாட்டுப்புறத்தார் நாவில் உயிர்வாழ்ந்தன. டேவீஸ் கில்பர்ட் 1822 இலும் வில்லியம் சாண்டிஸ் 1833 இலும் அவற்றைத் திரட்டி நூலாக்கியிராவிடின் பல அழிந்தே போயிருக்கும். ஏட்டுச்சுவடி தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர் பணியை இஃது ஒக்கும்.

சங்கீதமா, புதுப்பாடலா?

மனிதன் புனைந்த பாடலை ஆலயத்தில் இசைக்கலாமா என்பது நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கு. 4 ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவிற் கூடிய திருச்சபை மன்றம், தனிப்பட்டோர் இயற்றிய பாடல்கள் ஆலயத்தில் ஆகா என விதித்தது. ஜேர்மனியில் மாட்டின் லூதர் இதற்கு மாறான வழியிற் சென்றார். 1524 இல் வெளிவந்த முதற் சிறு பாட்டுப் புத்தகத்தில் எட்டுப் பாடல்களே இருந்தன. அவற்றுட் பாதி லூதர் இயற்றியவை. 1535 இல் வெளியான அவரது நத்தார்ப் பாடல், மக்கள் விடுகதை போட்டு விளையாடிய பாட்டொன்றின் மெட்டிலே முதலில் வழங்கியது. கல்வின் தலைமையில் ஜெனீவாவினரோ சங்கீதங்களையே செய்யுளாக்கிப் பாடினர். அவர்தம் தொகுதி 1562 இல் நிறைவுற்றது. இங்கிலாந்தும் இவ்விரண்டாம் வழியையே நெடுநாள் பற்றியது.

அந்நாட்டிற் புதுவழி வகுத்தவர் ஐசாக் வாட்ஸ். 1707 இல் தாமே இயற்றிய கீதங்களை வெளியிட்ட அவர், 1719 இற் சங்கீதங்களையும் கிறிஸ்துவின் பெயர் விளங்கப் புதுக்கிப் பாடினார். இன்று நத்தார் தோறும் முழங்கும் 'ஜோய் டு த வேர்ல்ட்' என்னுங் கீதம் அந்நூலில் உள்ளது. அது 98 ஆம் சங்கீதத்தின் வழிநூல். அதனை நுணுகி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும்: அதிற் கொட்டிலும் இல்லை, மேய்ப்பரும் இல்லை, குழந்தையும் இல்லை. வாட்ஸ் அதனை நத்தாருக்கென எழுதினாரல்லர். பிற்காலத்தார் அதற்கு அத் திருநாளை உரித்தாக்கினர். இன்று அதற்கு வழங்கும் மெட்டும், அவர் இறந்து நெடுங்காலம் சென்றபின் அமெரிக்கரான லோவெல் மேசன் அமைத்துப் பரப்பியதே. ஆங்கிலத் திருச்சபை புதுப்பாடல்களுக்கு எளிதிற் கதவு திறந்திலது. ஷெபீல்ட் நகரத்துக் குருவொருவர் தமது ஆலயத்திற் கீதப்புத்தகம் புகுத்தியமை 1820 இற் சமய நீதிமன்றம் வரை சென்றது. அதன் பின்னரே தடை தளர்ந்தது.

அச்சுவிழாவுக்கு அமைத்த பண்

பாட்டு ஒருவராலும், திருத்தம் ஒருவராலும், பண் வேறொருவராலும் அமைந்தமைக்குத் தக்க எடுத்துக்காட்டு, 'ஹாக் த ஹெரல்ட் ஏஞ்சல்ஸ்' எனத் தொடங்குங் கீதம். இதனை இயற்றிய சாள்ஸ் வெஸ்லி 6,000 க்கு மேற்பட்ட பாடல்கள் பாடியவர். 1739 இல் இது வெளியானபோது, முதலடியில் வானத்தைக் குறிக்கும் அருஞ்சொல் ஒன்று இருந்தது. வானம் முழுதும் ஒலிப்பதாகவே அவர் பாடினார். 1753 இல் ஜோர்ஜ் விற்பீல்ட் என்னும் பிரசங்கியார், தமது தொகுதியிற் சேர்க்குங்கால் அவ்வடியை மாற்றித் தேவதூதர் பாடுவதாக அமைத்தார். இன்று உலகம் பாடுவது விற்பீல்டின் பாடமே. வெஸ்லி சகோதரருள் மூத்தவரான ஜோன், பின்னர் வெளியிட்ட கீதத் தொகுதியின் முன்னுரையிலே, எங்கள் பாடல்களை எடுத்து அச்சிடுவோர் அச்சிடுக, ஆனால் திருத்த முயலாதொழிக என்னுங் கருத்துப்பட எழுதினார். அவர் வேண்டுகோள் இக் கீதத்தளவிற் காலங் கடந்ததாயிற்று.

பண்ணின் வரலாறு இதனினும் வியப்புடைத்து. அச்சுக்கலையை நிறுவிய குட்டன்பேர்க்கைப் போற்றி லீப்சிக் நகரத்தார் 1840 இல் விழா எடுத்தனர். அவ்விழாவுக்கென மெண்டல்சோன் ஆடவர் குழுவும் பித்தளைக் கருவிகளும் இசைக்க ஒரு பாடல் அமைத்தார். இதற்கு வேறு சொற்களைப் பொருத்தலாம். ஆனால் சமயப் பொருள் இதற்கு ஒருபோதும் ஒவ்வாது என அவரே தம் இலண்டன் பதிப்பாளருக்கு 1843 இல் எழுதினார். நான்கு ஆண்டில் அவர் இறந்தார். 1855 இல் வோல்தம் ஆலயத்தில் ஓர்கன் வாசித்த இளைஞரான வில்லியம் கமிங்ஸ் என்பவர், அப் பண்ணை வெஸ்லியின் பாட்டோடு பொருத்தினார். பாவலர் இறந்து 67 ஆண்டு. பண்ணமைத்தவர் இறந்து எட்டு ஆண்டு. இருவரும் அறியாமலும், ஒருவர் கருத்துக்கு மாறாகவும் நிகழ்ந்த இப் பொருத்தம், பிரிக்கவொண்ணாத பொருத்தமாக நிலைத்துவிட்டது.

அரசனுக்கு ஏறிய பெயர்

'அதெஸ்தே பிதேலெஸ்' என்னும் இலத்தீன் கீதத்துக்கு நேர்ந்தது வேறு. அது நெடுங்காலம் 'போர்த்துக்கேயர் கீதம்' என்றே வழங்கியது. இலண்டனிலிருந்த போர்த்துக்கல் தூதுவரின் சிற்றாலயத்தில் அது பாடப்பட்டமையே காரணம். அப்பெயரைப் பற்றுக்கோடாகக் கொண்டு, போர்த்துக்கல் மன்னன் நான்காம் ஜோன் அதனை இயற்றினான் என்றனர் சிலர். துறவியான பொனவெந்தூரா பாடியது என்றனர் வேறு சிலர். அறிஞர் ஏடுகளை ஒப்புநோக்கிய பின்னர், 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பழம் பிரதிகள், ஜோன் பிரான்சிஸ் வேட் என்னும் ஆங்கிலக் கத்தோலிக்கர் கையால் எழுதப்பட்டமை தெளிந்தது. 1947 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இதனை வலியுறுத்தியது. வேட், இசையேடுகளைப் பார்த்தெழுதி வாழ்ந்தவர். ஏடெழுதுவோன் பெயரை யார் நினைப்பர்? நம் நத்தார் என்னுஞ் சொல் மெய்யாகவே போர்த்துக்கேயருடையது. போர்த்துக்கேயர் கீதமோ அவருடையதன்று.

குருவும் ஊராசிரியரும்

இனி, உலகின் பற்பல மொழிகளிலும் பாடப்படும் 'சைலண்ட் நைட்' கீதத்தின் வரலாற்றைச் சற்று விரித்துரைப்பாம். பள்ளிக்கூட ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனி உரிமை உண்டு.

1818 ஆம் ஆண்டு டிசெம்பர் 24 ஆந் தேதி. சால்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில், ஆற்றங்கரையிலுள்ள ஓபெர்ன்டோவ் என்னுஞ் சிற்றூர். அங்குள்ள புனித நிக்கலஸ் ஆலயத்தில் உதவிக் குருவாயிருந்தவர் யோசப் மோர், வயது 26. போர்வீரன் ஒருவனுக்கும், பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண்ணுக்கும் மணமின்றிப் பிறந்தவர். அயலூராகிய ஆர்ன்ஸ்டோவில் ஆசிரியராயிருந்து கொண்டே, இவ்வாலயத்தில் ஓர்கன் வாசித்தவர் பிரான்ஸ் சேவியர் குறூபர். மோர் தாம் எழுதிய பாட்டொன்றை அவரிடங் கொடுத்து, இரு குரலுக்கும் பாடகர் குழுவுக்கும் ஏற்ப, கிற்றார் துணையோடு பாடத்தக்க மெட்டு அமைக்குமாறு கேட்டார். ஆசிரியர் அன்றே அமைத்தார். அன்றிரவே இருவரும் பாடினர். மோர் கிற்றார் மீட்டினார்.

அது நற்காலமன்று. நெப்போலியன் காலத்துப் போர்கள் ஓய்ந்து சில ஆண்டுகளே கழிந்திருந்தன. 1816 இற் சால்ஸ்பேர்க் நாடு ஒஸ்திரியாவோடு சேர்க்கப்பட்டபோது ஆறே எல்லையாயிற்று. ஒன்றாயிருந்த ஊர் இரண்டாகப் பிரிந்தது. மோரின் பாட்டு ஆறு செய்யுள் கொண்டது. இன்று பெரும்பாலும் பாடப்படுவன மூன்றே. விடுபட்டவற்றுள் ஒன்று, இறைமகன் உலக மக்களினங்கள் அனைத்தையும் உடன்பிறந்தாராக அணைத்துக்கொள்வதைப் பேசுகின்றது. போர் கண்ட மக்களுக்கு அச் செய்யுள் எவ்வளவு பொருளுடைத்தாயிருந்திருக்கும்! பாட்டை அறிந்தோம் என்போர் அதனை அறியாதிருப்பது இரங்கத்தக்கது.

ஆலயத்து ஓர்கனை எலிகள் கடித்துப் பழுதாக்கின என்றும், அதனாலேயே அவசரமாகக் கிற்றாருக்குப் பாட்டு எழுதப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. சிறுவர் நூல்களிலும் அது காணப்படும். இனிய கதையே, சான்றுதான் இல்லை. குறூபர் தம் கைப்பட எழுதிய வரலாற்றில் எலியும் இல்லை, ஓர்கன் பழுதும் இல்லை.

அவ்வரலாறு எழுதப்பட்ட காரணமே நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஓர்கன் அமைக்குந் தொழிலாளரான கார்ல் மவுறாகர் என்பவர் வாயிலாகக் கீதம் தீரோல் மலைநாட்டுக்குச் சென்றது. அங்கிருந்து பாடகக் குடும்பங்கள் அதனை ஊரூராகக் கொண்டு போயின. ஸ்திராசர் குடும்பத்தார் லீப்சிக்கில் பாடினர். ரைனர் குடும்பத்தார் 1839 இல் நியூயோர்க்கிலும் பாடினர். கீதம் பரவப் பரவ, ஆக்கியோர் பெயர்கள் உதிர்ந்தன. இத்தகைய இன்னிசை ஹைடன் போன்ற பெருங்கலைஞரதாகவே இருத்தல் வேண்டும் என்று பலர் எண்ணினர். 1854 இற் பேர்லின் அரண்மனை இசைக்குழுவினர் இதன் தோற்றத்தைக் கேட்டுச் சால்ஸ்பேர்க்குக்கு எழுதினர். அக் கேள்வி, அப்போது 67 வயதான குறூபரின் காதுக்கு எட்டியது. அவ்வாண்டு டிசெம்பர் 30 ஆந் தேதி, பாட்டு மோருடையது, பண் தம்முடையது என அவர் எழுதி உறுதிப்படுத்தினார்.

மோர் அதனைக் காண இருக்கவில்லை. 1848 இல் வாக்றைன் என்னும் மலையூரிலே அவர் காலமாகிவிட்டார். அவ்வூரில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் ஏற்படப் பாடுபட்ட அவர், பொருள் எதுவும் சேர்த்து வைத்திலர்.

1995 இல் ஒரு சான்று வெளிப்பட்டது. மோரின் கையெழுத்துப் பிரதியொன்று கிடைத்தது. பாட்டு 1816 ஆம் ஆண்டிற்கு உரியது என அதில் அவரே குறித்துள்ளார். அப்போது அவர் மரியாப்பார் என்னும் ஊரிற் பணிசெய்துகொண்டிருந்தார். ஆகவே, பாட்டு அந்த நத்தார் இரவில் அவசரமாகப் பிறந்ததன்று; இரண்டு ஆண்டு காத்திருந்தது. அதனினும் சிறந்த செய்தி மற்றொன்று. அவ்வேட்டில் மெட்டு குறூபருடையது என்பதையும் மோர் தம் கையாலேயே எழுதி வைத்துள்ளார். 1854 இல் ஆசிரியர் குருவின் பெயரைக் காத்தார்; அதற்கு முன்னரே குரு ஆசிரியரின் பெயரைக் காத்திருந்தார். ஒருவரும் மற்றவர் புகழைத் தமதாக்க நினைந்திலர்.

தமிழுக்கு வந்தபோது

லூதர் வழிவந்த கீதமரபு தமிழுக்கும் நேரே வந்ததுண்டு. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும், பின்வந்த பப்ரிசியு முதலியோரும் ஜேர்மானியப் பாடல்களை அவற்றின் மெட்டுக்கே தமிழாக்கினர். 'ஞானப்பாட்டு' எனவும் 'பாமாலை' எனவும் வழங்கும் தொகுதிகளில் இவ்வழியின் பயன் இன்றும் உளது. இவற்றுட் சில இனிமை குன்றித் தோன்றுவதற்குக் காரணம் மொழியியல்பே. அவர் பாட்டு அழுத்தத்தால் நடப்பது. நம் பாட்டு குறில் நெடிலால் அமைந்த அசையால் நடப்பது. அயல்மெட்டின் அழுத்தம் குறிலில் விழுங்கால் சொல் நொண்டும். இதனை நன்குணர்ந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774 இற் பிறந்து 1864 வரை வாழ்ந்த அப் புலவர், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புடைய கீர்த்தனை வடிவிலே கிறிஸ்தவப் பொருளைப் பாடினார். எப்பிரேம் சிரியாவிலும், லூதர் ஜேர்மனியிலும் செய்ததையே அவர் தமிழிற் செய்தார் என்க.

ஆகவே, இக் கீதங்களின் வரலாற்றால் நாம் பெறும் உண்மை இது: இவை பெரும்பாலும் மன்னர் சபையில் தோன்றியவையல்ல. முற்றுகையிடப்பட்ட ஆலயத்திலும், கூத்தாடிய களத்திலும், ஊராசிரியர் ஒருவரின் சிறு வீட்டிலும் தோன்றியவை. பொதுமக்கள் தம் வாயில் ஏற்றமையால் வாழ்ந்தன. அவ்வாறு ஏற்றமையாலேயே பெயரிழந்தன. ஆயின், பெயரை மீட்டுத் தருதல் கற்றோர் கடன். மார்கழி விழாவுக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியர்கள் எலிக்கதையை விடுத்து, பாட்டு எழுதிய தாளின் தலைப்பில் இரண்டு வரி சேர்ப்பாராக: பாட்டு இன்னாருடையது, பண் இன்னாருடையது. யோசப் மோர் தம் ஏட்டில் எழுதிவைத்தது அவ்வளவே.